சாமி மிளகும் இலவசப் பரிசும்

எங்கள் வீட்டில் முதல் பறிப்பு மிளகைத் தனியாகக் காயவைத்து, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவோம். அம்மன் கோயிலில் படைக்கும்வரை அதில் ஒரு மணியைக்கூட யாரும் வாயில் போடமாட்டோம்.

மற்ற மிளகை என் மாப்பிள்ளை ஒரு பெரிய ஆன்லைன் கடையில் போட்டு விற்கிறார். அந்தக் கடைக்காரர்கள் இந்த வருஷம் ஒரு புது வசதி கொண்டுவந்தார்கள். விற்பவர்கள் கொஞ்சம் சரக்கை இலவசப் பரிசாக அறிவிக்கலாம். யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுச் சொல்லிவிடும். முகம் தெரியாதவர்களுக்குச் சும்மா கொடுக்கப்போகிறோம் என்று அவர் சொன்னதும், கோயிலில் பொங்கல் கொடுப்பதுபோல என்று நினைத்துவிட்டேன். புண்ணியம், தாராளமாகச் செய்யுங்கள் என்றேன்.

எங்கள் மலையில் வாழவந்தி நாடு என்ற பகுதியில் ஒரு விசேஷத்துக்குப் போய்வந்து விளக்கேற்றப் போனால், ஆணி மட்டும் இருக்கிறது. மகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாப்பிள்ளை அந்த முடிச்சைக் குங்குமத்தோடு படம்பிடித்து, 'சாமி மிளகு இலவசம்' என்று போட்டு, குலுக்கல் முடிந்து, பொட்டலங்களும் கூரியருக்குப் போய்விட்டனவாம். எங்கள் கடையைப் பின்தொடர்வதாகப் பட்டனை அமுக்கியவர்களுக்குத்தான் குலுக்கலில் இடமாம்.

மாப்பிள்ளையிடம் மரியாதை குறையக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இருக்கறதுல நல்ல மிளகு அதுதானுங்க மாமா. குடுக்கறது புண்ணியம்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"பட்டன அமுக்குனாத்தான் குடுப்பேன்னா அது என்ன புண்ணியமுங்க மாப்ள? அம்மன வெச்சு ஆள் புடிக்கறீங்களா?"

பொட்டலங்கள் இன்னும் வாசலூர்பட்டி கூரியர் கடையில்தான் இருந்தன. கூரியர் வேன் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்குள் பிடிக்க வேண்டுமென்று, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த மிளகை ஒரு பையில் அள்ளிக்கொண்டு மாப்பிள்ளையின் பைக்கில் ஏறினேன். பரிசு விழுந்தவர்களை ஏமாற்றவும் மனசில்லை. பொட்டலங்களைப் பிரித்து, சாமி மிளகை எடுத்துக்கொண்டு வீட்டு மிளகைப் போட்டு, 'சாமி மிளகு' என்று ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன். இது வீட்டு மிளகுதான் என்று ஒவ்வொருவருக்கும் சேதி அனுப்பச் சொன்னேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அனுப்பினார்.

அங்கிருந்து நேராகக் கோயில். பிளாஸ்டிக் கவரிலிருந்து கொட்டியதை அம்மன் ஏற்பாளா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் தாயே என்று வைத்தேன். பூசாரி தீபம் காட்டும்போது பக்கத்தில் மாப்பிள்ளை செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அத உள்ள வைங்க மாப்ள," என்றேன். "இத அவ பாத்தாப் போதும்."