காபி ஊற்றாத பிளாஸ்க்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் சிவப்பு நிற பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. திருமணத்திற்கு வந்த பரிசு. வாய் அகன்றது, மூடியில் லேசான ஒடுக்கு. எழுபதுகளின் இறுதியில் ஒரு நாளுக்குப் பின் அதில் எவரும் காபி ஊற்றியதில்லை. தூக்கிப் போடச் சொன்னவர்களுக்கு நான் காரணம் சொன்னதுமில்லை. காரணம் என் மனைவி.

அப்போது நான் சங்கரன்கோவிலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். எம்.ஏ. படித்தவன், வேண்டாத பேச்சு வைத்துக்கொள்ளாதவன் என்று ஊரில் பெயர். மனைவிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் கை வைக்க விடமாட்டாள். சிறுநீர்த் தாரையில் தொடங்கிய தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் தணிவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதைத் திருநெல்வேலியில் கல்ச்சர் பரிசோதனை செய்துதான் அறிய முடியும். சிறுநீரை ஐஸில் வைத்துத் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். காலம் கடந்தால் சிறுநீரகமே கெட்டுப்போகலாம் என்று அவர் சொன்னபோது, மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "வெளிய யார்ட்டயும் சொல்லிராதீய."

டாக்டரம்மா தந்த சிறு குப்பி பிளாஸ்க்குக்குள் போயிற்று. சுற்றிலும் உடைத்த ஐஸ். ராஜபாளையத்திலிருந்து வந்த திருநெல்வேலி பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூர் அரிசி ஆலை அண்ணாச்சி இருந்தார். என் மாணவனின் தந்தை. நகர்ந்து இடம் தந்தார். சற்று நேரத்தில், "சார்வாள், ஒரு வாய் காப்பி ஊத்துங்களேன். காலையில ஒண்ணும் குடிக்கல" என்றார். காபி இல்லை என்றேன். மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு சொன்னால் எவர் நம்புவார்? பஸ் பள்ளத்தில் இறங்கியது; ஐஸ் குலுங்கியது. அண்ணாச்சி பின்சீட்டுக்காரரிடம் திரும்பினார்: "காப்பி இல்லவே, கலரு சோடா. ஐஸ்லா கெடந்து குலுங்குது. வாத்தியாரு தனியாக் குடிக்கப் போறாரு." பஸ்ஸே சிரித்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். நான் இரு கைகளாலும் பிளாஸ்க்கை அணைத்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தேன்.

மாலையில் வீடு திரும்பி, நடந்ததைக் கோபத்தோடு அவளிடம் சொன்னேன். காய்ச்சலில் கிடந்தவள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும், வலிக்கு. அந்த அண்ணாச்சிக்கு ஒரு மடக்கு ஊத்தித்தான் இருக்கணும் நீங்க."

முடிவு வந்தது. அந்த மாத்திரை அக்கிருமியை ஒன்றும் செய்யாது என்று தெரிந்து மருந்தை மாற்றினார்கள். காலையும் மாலையும் ஊசி. மெல்லக் காய்ச்சல் விட்டது, வலியும் விட்டது. கஞ்சன் என்ற பெயர் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆசிரியர் அறைவரை வந்து எனக்கு நிலைத்தது. பெயரைப் பெரிதாக மதித்த நான் அதை மறுக்கவேயில்லை. வீட்டுக்கு எவர் வந்தாலும், மனைவி காபி டம்ளரோடு சமையலறை வாசலில் ஒரு கணம் நின்று, எனக்கு மட்டும் தெரியும்படி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை கெட்ட பெயர் வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

அவள் போய்ச் சில ஆண்டுகளாகின்றன. சென்ற வாரம் எனக்கே சிறுநீர்த் தொற்று. பரிசோதனைக்கூடத்துப் பெண் ஸ்கூட்டரில் வந்து வாசலிலேயே நின்று, "தாத்தா, கல்ச்சருக்கு யூரின் எடுத்து வச்சிட்டீயளா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். குப்பியை வாங்கித் தன் ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

"காபி குடிக்கிறாயா அம்மா?" என்றேன்.

கேட்டுவிட்டு, பழக்கத்தில் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதன் வழியே அலமாரி தெரிந்தது. மேல்தட்டில் சிவப்பு பிளாஸ்க்.