அண்ணன் கூப்பிட்ட நேரம்

அன்பிய ஜெபக்கூட்டத்துச் சகோதரர்களே, சகோதரிகளே, இன்றைக்கு ஒரு சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். போன ஆடி மாதம் குற்றாலத்தில், நாங்கள் தங்கிய விடுதியின் குளியலறையில் என் வீட்டுக்காரர் ராயப்பன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். செத்துவிட்டார் என்றே நான் நினைத்தேன்.

கச்சான் காற்று ஓங்கி அடித்ததால் அந்த வாரம் நம்ம தருவைகுளத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. "சீசன் நல்லாருக்காம். ரெண்டு நாள் போய்ட்டு வருவோம்ளா" என்றார் அவர். எனக்கு அருவி என்றாலே பயம். வெள்ளம் வந்து ஆட்களை இழுத்துப்போனதை டிவியில் பார்த்ததிலிருந்து அந்தப் பயம். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் சரியாகச் சிரித்ததே இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அவருக்கும் அவர் அண்ணன் சூசை அத்தானுக்கும் படகு விஷயத்தில் வாய்த்தகராறு வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். படகு இன்ஜின் வைக்கிற ஷெட் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. இந்தக் கூட்டத்தில் வாராவாரம் நான் அதற்காகத்தானே மன்றாடினேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனோம். சாரல் ஊசி மாதிரி குத்தியது. ஆண்கள் பக்கம் அவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணுக்கு மறைந்துவிட்டார். நான் படியில் நின்று ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். 'மாதாவே, இவரை முழுசாக எனக்குத் திருப்பிக் கொடு' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பல் கிடுகிடுக்க, சிரித்துக்கொண்டே வந்தார். "கடல்ல கிடக்கவன் இதுலயா போயிருவேன்?" என்றார். அப்பாடா என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். பயம் விட்டுப்போனது. மங்குஸ்தான் வாங்கினோம். சாயங்காலம் படகுச் சவாரி, ராத்திரிக்கு பார்டர் பரோட்டா என்று திட்டம் போட்டுக்கொண்டே விடுதிக்கு வந்தோம்.

குளிர் தாங்காமல் சுடுதண்ணீரில் ஒரு தடவை குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். சின்னக் குளியலறை. சுவரில் கேஸ் ஹீட்டர். இருந்த ஒரே சின்ன ஜன்னலையும் சாரல் அடிக்கிறதென்று யாரோ அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாராவது என்றால் அடித்து ஓயட்டும் என்று விட்டிருப்பேன். எடுத்தேன். "ஏளா ரோஸ்லின், அவன எங்க? இன்ஜின் ஷெட்டு சாவியத் தூக்கிட்டுப் போயிட்டான். இங்கன மெக்கானிக் வந்து நிக்கான்!" என்று அத்தான் கத்தினார். சண்டைக்குத்தான் கூப்பிட்டார். கூப்பிட்டாரே, அது போதும் எனக்கு! குளியலறைக் கதவுக்கு ஓடினேன்.

"என்னங்க, அண்ணன் கூப்பிடுதாவ! அண்ணன் லைன்ல இருக்காவ!"

பதில் இல்லை. தட்டினேன். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் பெயரைக் கேட்டும் பதில் சொல்லாமல் இருக்கிற மனுஷன் இல்லை அவர். அலறினேன். போனுக்குள் அத்தான் குரல் மாறியது. "கதவ உடைங்கலே! யாராச்சும் கதவ உடைங்கலே!"

பக்கத்து அறையில் காயல்பட்டினத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். என் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். "தள்ளுங்கக்கா" என்று இரண்டு பேரும் தோளால் மோதினார்கள். தாழ்ப்பாள் பிய்ந்தது. உள்ளே அவர் சுவரோரம் சரிந்து கிடந்தார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூத்தவர், "கேஸ்! ஜன்னலத் தொற, அவரை வெளிய தூக்கு!" என்று தம்பியிடம் சொல்லி ஹீட்டரை அணைத்தார். என் வீட்டுக்காரரைத் திறந்த வராண்டாவில் கிடத்தினார்கள்.

எனக்கு ஜெபம் வரவில்லை, சகோதரிகளே. அருள்நிறை மந்திரம்கூட மறந்துபோனது. 'தாயே, தாயே' என்று மட்டும் கத்தினேன். அவர் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. "மூச்சு இருக்குக்கா. அல்லாஹ் கைவிடல" என்றார் மூத்தவர். அவர்கள் காரிலேயே தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தக் கேஸ் சரியாக எரியாமல் வந்த விஷக்காற்றுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னார். அருவியைப் பார்த்து அவ்வளவு பயந்தேனே! சாவு நான்கு சுவருக்குள் இருந்தது. நான் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் அத்தான் வந்துவிட்டார். கேரளாவுக்குப் போகிற மீன் வண்டியில் ஏறி, அது தென்காசியில் நிற்காததால் செங்கோட்டை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார். சட்டையில் பொத்தான் மாறிக் கிடந்தது. கட்டிலருகே வந்து நின்றார். இவர் கண் விழித்துப் பார்த்தார்.

"சாவி எங்கலே?" என்றார் அத்தான். அவ்வளவுதான், தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

இப்போது இருவரும் ஒரே படகில் போகிறார்கள். சண்டை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாலையில் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். காயல்பட்டினத்து அந்த இரண்டு தம்பிகளும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தார்கள்.

'இவரைத் திருப்பிக் கொடு' என்று படியில் நின்று கேட்டேன். 'அண்ணன் தம்பியைப் பேச வை' என்று உங்களோடு சேர்ந்து கேட்டேன். இரண்டையும் மாதா ஒரே போனில் கேட்டுக் கொடுத்துவிட்டாள், அதுவும் திட்டுகிற குரலில். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

வெளியூரில் தங்கினால் குளியலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் பேசாமல் இருக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி இன்றைக்கு மன்றாடுங்கள். முதலில் யார் பேரைச் சொல்லுவோம்?