உடைத்துப் பூசிய தொட்டி

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றக் காணிக்கு நான் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கிணற்றடியில் என் கணவர் ஏற்கெனவே ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டியிருந்தார். இறைப்பு மெசின் அடிக்கடி பழுதாகும் என்பதால், அது ஓடுகிறபோதே தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு, பிறகு வாய்க்கால் வழியே மிளகாய்த் தோட்டத்துக்குத் திறந்துவிடுவோம். செங்கல்லை வெறும் மண்சாந்தில் அடுக்கி, உட்புறம் மட்டும் சீமெந்து பூசியிருந்தார். தண்ணீரைத் தாங்கியது விரல் தடிப்பே இருந்த அந்தப் பூச்சுதான்.

ஒரு கோடையில் மெசின் நின்றுபோய்த் தொட்டி வெறுமையாகக் காய்ந்து கிடந்தது. பூச்சு வெடித்தது. அவர் சீமெந்து குழைத்து ஒட்டினார். ஒட்டிய இடம் நின்றது. அதன் ஓரம் வெடித்தது. அதையும் ஒட்டினார். பின்னேரம் நிரப்பிய தண்ணீர் விடியும்போது பாதியாக இறங்கியிருக்கும். போன தண்ணீர் எங்கள் காணியில் நிற்கவில்லை. வேலிக்கு அப்பால், பள்ளத்தில் இருந்த பக்கத்துக் காணிக்குள் ஊறியது. அங்கேயும் மிளகாய்தான் நட்டிருந்தார்கள்.

பக்கத்துக் காணிக்காரன் முதலில் வந்து மரியாதையாகத்தான் சொன்னான். இரண்டாம் தடவை வேலிக்கு மேலால் கத்தினான். என் கணவர் பதிலுக்குக் காறித் துப்பினார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பாசி உரஞ்சுவதற்காக நான் தொட்டிக்குள் இறங்கினேன். கத்தியின் பின்புறத்தால் சுவரைத் தட்டியபோது ஒரு பக்கம் முழுவதும் உள்ளே வெறுமையாக இருப்பதுபோலப் பொள்ளல் சத்தம் கேட்டது. வெடிப்பில் கத்தி நுனியை விட்டு நெம்பினேன். தட்டு அளவில் ஒரு துண்டு அப்படியே கழன்று வந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் அழுத்தினால் சேறாக உள்ளே போனது. துண்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, உது இனி ஒட்டுற நிலையிலை இல்லை. முழுக்கக் கிளப்பிப்போட்டுப் புதுசாப் பூசவேணும்."

"நான் கட்டின தொட்டிக்கு நீ பழுது சொல்லுறியோ?" என்று துண்டைப் பறித்து என் முகத்தில் எறிந்தார். புருவம் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த ஓட்டையை அடைக்கச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பக்கத்துக் காணிக்காரன் அழுகிய மிளகாய்க் கண்டுகளைக் கட்டாகப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தான். அந்தக் கட்டால் என் கணவரின் முகத்தில் அடித்தான்.

"பார்! வேரோடை அவிஞ்சு போச்சுது. என்ர பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?"

இவர் அவன் வயிற்றில் உதைத்தார். இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். அவன் அங்கே கிடந்த மண்வெட்டியைத் தூக்கி அதன் பின்புறத்தால் இவர் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் குசினி வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. இவர் மற்றக் கையால் வேலியில் செருகியிருந்த காட்டுக்கத்தியை எடுத்து வீசினார். அவன் கையைக் குறுக்கே தூக்கினான். இரண்டு விரல்கள் வாய்க்காலுக்குள் விழுந்தன. அவன் யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அயலவர்கள் அவனை வண்டிலில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொலிசு வந்து இவரை, முறிந்த தோளோடு, கூட்டிப்போனது.

அடுத்த நாள் காலை அவன் மனைவி நிலம் கிண்டும் இரும்பு அலவாங்கோடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப்போய், வற்றிக் கிடந்த தொட்டிக்குள் குதித்து, சுவரில் குத்தினாள்.

"இந்த நாசமாப்போன தொட்டியாலைதானே என்ர மனுசன்ரை கை போனது!"

நானும் ஓடிப்போய் உள்ளே இறங்கி அலவாங்கைப் பிடித்தேன். அவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். இழுபறியில் இருவரும் சுவரோடு மோதினோம். கதவளவு பூச்சு எங்கள் கால்களில் பொறிந்து விழுந்தது. உள்ளே செங்கல்லே இல்லை. சேறும், வேலியில் நின்ற பூவரசின் வேரும்தான் பின்னிக் கிடந்தன. என் கணவர் ஒட்டிய ஒட்டெல்லாம் அந்த வேரின் மேல்தான் இருந்தன. இதற்காகவா இரண்டு விரலும் ஒரு தோளும் போயின என்று நினைத்தேன். அலவாங்கை விட்டேன்.

"உடை," என்றேன். "நல்லா உடை."

அவள் மூச்சு வாங்கும்போது நான் வாங்கி உடைத்தேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் உட்பூச்சு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் அலவாங்கை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் போனாள்.

நான் ஒரு மேசனைப் பிடித்தேன். அவர் வேரை வெட்டி, புதுச் செங்கல்லைச் சீமெந்துச் சாந்தில் அடுக்கி, இரண்டு தரம் பூசினார். காயவிடாமல் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது நான்.

பிணையில் வந்த கணவர் தொட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆர் உடைச்சது?"

"நானும் அவளும்."

நல்ல கையை ஓங்கினார். நான் அசையவில்லை. "அடிச்சால் நான் இனி இஞ்சை இருக்கமாட்டன்," என்றேன். கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிப்போனார்.

வழக்கு முடிந்து, சிறைத்தண்டனை விழுந்து அவர் மறியலுக்குப் போனார். தோட்டத்தை நான் செய்தேன். ஊறல் நின்று பக்கத்துக் காணியின் சேறு காய்ந்தது. அவன் மிஞ்சிய விரல்களால் மண்வெட்டி பிடிக்கப் பழகி மறுபடி மிளகாய்க் கண்டு நட்டான். அந்தப் போகம் இரண்டு காணியிலும் நல்ல காய். மிளகாய்ப் பழம் பிடுங்கி ஆயும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே ஆய்ந்தோம்.