கோயிலுக்குப் போகாத உருவாரங்கள்

மலையாள எல்லையிலுள்ள எலப்புள்ளிப் பக்கத்தில் கண் நொந்தால் மண்ணில் கண் செய்து மாரியம்மனுக்கு வைப்பார்கள். காலுக்குக் கால், கைக்குக் கை. உருவாரம் என்று பெயர். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நோவு அங்கேயே தங்கிவிடும். மனசு நொந்தவர்களுக்கு எதைச் செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு முழுப் பொம்மையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உருவாரம் செய்யும் காளிச்சாமியும் பல வருஷம் அப்படித்தான் அனுப்பினார். அந்த நோவு சொந்த வீட்டுக்கு வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அவருக்கு உறைத்தது.

மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-இல் வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம், அவருடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மனைவி பொன்னாத்தாள் அழவில்லை. குழந்தை அழுகிறது என்று சொல்லி வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அண்ணன் அப்புசாமி வந்து பார்த்தார். தங்கைமேல் உயிரையே வைத்திருந்த மனுஷன். காளிச்சாமிக்குப் பயமே அந்தப் பாசம்தான்.

"மாப்பிள்ளை, மாரியம்மன் நோம்பி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தெளியலீன்னா நானே கூட்டிட்டுப் போயி, கோயில்ல சங்கிலி போட்டு உட்டுருவேன். அடிச்சாத்தான் எறங்கும்ங்கறாங்க."

அவர் போனதும் காளிச்சாமி களிமண்ணோடு மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பொன்னு, இன்னைக்கு எங்க இருக்குது?"

அவள் தொண்டையைக் காட்டினாள். மறுநாள் பிடரியை. தினமும் அவள் தலையைக் கழுத்தோடு அப்படியே வனைந்து, காட்டிய இடத்தைக் கட்டைவிரலால் குடைந்தார். அவள் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஆழமுங்க" என்றாள். பைத்தியம் என்று ஊரே ஒதுக்கியவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மார்கழியில் அவள் தூளியை அவிழ்த்து மடித்து வைத்தாள். தையில் அடுப்பு மூட்டினாள்.

ஆனால் அந்தத் தலைகளில் ஒன்றைக்கூடக் காளிச்சாமி கோயிலில் வைக்கவில்லை. நேற்றைய தலைக்கும் இன்றைய தலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டுமாம். சூளைக்கொட்டகையில் வரிசையாக அடுக்கி, பொழுதெல்லாம் அவற்றின் முன்னால் குந்தியிருந்தார். கை, கால் கேட்டு வந்தவர்களை விரட்டினார். கோயிலில் விடாத நோவு வீட்டில்தான் தங்கும் என்று ஊர் பேசியது. ஊர்ப்பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் தன் குழந்தைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், பெண்டாட்டியின் துக்கத்தையே குடைந்துகொண்டிருந்தவருக்கு வேறென்ன ஆகும்? நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் கண்டுகொண்டவள் பொன்னாத்தாள்தான். சோறு கொண்டுபோனபோது, அவர் ஒரு தலையை மடியில் கிடத்தியிருந்தார்.

"மெதுவா வா. இப்பத்தான் தூங்குது" என்றார்.

அவள் சோற்றை வாசலிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெறும் தூளியை ஆட்டியபடி அந்த வார்த்தையை அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

திருவிழா நாளான நோம்பியன்று மத்தியானம் அப்புசாமி வந்தார். தங்கை கையால் சாப்பிடும்போது அவருக்குக் கண் கலங்கியது.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா, அம்மிணி. மாப்பிள்ளை எங்க? கையப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லோணும்."

"காச்சலுங்கண்ணா. கொட்டாயில படுத்திருக்காருங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

"காச்சலுன்னா பாக்காமப் போறதா? நல்லாச் சொன்ன போ!"

கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். பொன்னாத்தாள் முந்தி ஓடிக் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றாள்.

உள்ளே காளிச்சாமி தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

அப்புசாமி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தங்கையின் தோளைத் தொட்டு, பிரியமாகவே, "தள்ளு அம்மிணி. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிர்லாம்" என்றார்.