சொன்ன பேச்சு கேட்காத கால்

சலூன் மாஸ்டருக்கு இரண்டு கால்களில் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் கடையின் பெயர்ப்பலகையைத் துடைக்க ஏணியில் ஏறியவர், மல்லாக்க விழுந்தார். முதுகுத்தண்டில் பட்ட அடியில் இடது கால் விறைத்துப்போயிற்று. மடக்கினால் நீளும், நீட்டினால் துள்ளும். அந்தக் காலுக்கு அவர் வைத்த பெயர் மச்சான். வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாது, கிளப்பவும் முடியாது என்று விளக்கம் வேறு.

"காலுக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா? என் தம்பி உங்கள என்ன பண்ணான்?" என்பாள் மனைவி. அந்தத் தம்பி நல்ல பிள்ளை, கேட்டால் அவனே சிரிப்பான்.

அந்தக் காலோடுதான் மாஸ்டர் தினமும் எட்டு மணி நேரம் நின்றார். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி உள்ள கடை. கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்து வெட்டுவார். இருபத்தாறு வருடத்தில் வேறு தொழில் எதுவும் அவர் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. தூக்கத்தில் கால் இழுத்து உதைக்கும், மனைவிக்கு விலாவில் விழும். தடியை ஊன்றி ஊன்றி வலது தோள் வீங்கிப்போயிருந்தது. சலூனில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தால் எவனும் டாக்டர்தான். ஆளுக்கொரு வலி மாத்திரை சொன்னார்கள். மாஸ்டர் யார் மனதையும் நோகடிக்க விரும்பாமல் எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் போட்டுப் பார்த்தார். வயிறு எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கேதான் நம் ஆள் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். நடந்து வருகிறவர்களின் வரிசை வாசல் வரை நின்றது. சக்கர நாற்காலிக்காரர்களின் வரிசையில் நாலே பேர். மாஸ்டர் வாசலில் கிடந்த சக்கர நாற்காலியில் சாவகாசமாக ஏறி உட்கார்ந்துகொண்டார். மனைவி முறைத்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். பத்தே நிமிடத்தில் டாக்டரம்மா முன்னால் இருந்தார்.

டாக்டரம்மா காலை மடக்கிப் பார்த்தார். "இந்த இறுக்கம் தளர்ந்தா நல்லாயிருக்குமா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார் இவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை என்பது அவர் கணக்கு. மூன்று வேளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று நாள் சொர்க்கம். கால் துணி மாதிரி துவண்டு படுத்துக்கொண்டது, உதையே இல்லை. நடை கொஞ்சம் தொளதொளத்தது, கண்ணும் சொக்கியது. மருந்து பழகட்டும் என்று வீட்டிலேயே இருந்தார். நாலாம் நாள் கடையைத் திறந்தார். தபால்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. கத்தி பிடித்த கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டு, மாஸ்டர் அப்படியே தபால்காரர் மடியில் உட்கார்ந்தார்.

"நாற்காலி வேணும்னா கேட்டிருந்தா எழுந்து குடுத்திருப்பேனே மாஸ்டர்" என்றார் தபால்காரர். முகத்தில் பாதி நுரை. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்க முடியாதவன் எப்படிக் கடை நடத்துவது?

வீட்டுக்கு வந்து மாத்திரையைத் தூக்கி எறியப் போனார். மனைவி கையைப் பிடித்தாள். "திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கேட்டுட்டு நிறுத்துங்க."

மறுநாள் காலையில் அவர் நடக்கிறவர்களின் வரிசையில் தடியை ஊன்றி நின்றார். வாசலில் இருந்த ஊழியர் ஆளை அடையாளம் கண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னைக்கு வேணாம்ணே, போன தடவை உட்கார்ந்ததே போதும்" என்றார் மாஸ்டர். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளே நுழைந்தவரைப் பார்த்து டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நடப்பீங்களா?"

"நடப்பேன்மா. நின்னுதான் தொழிலே. முடி வெட்டறேன்." பிறகு வரிசை விஷயத்தையும் ஒப்புக்கொண்டார். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி வெட்டுவீங்க? என் தலையை வெச்சே காட்டுங்க."

மாஸ்டர் வெறும் விரல்களையே கத்தரியாக்கி அவருடைய நாற்காலியைச் சுற்றினார். மூன்றாவது அடியில் முழங்கால் மடங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த விறைப்புதாங்க இத்தனை நாளா உங்களத் தாங்கிப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "நீங்க நாற்காலியிலயே இருக்கிறவர்னு நெனச்சு நான் அதை மொத்தமா எடுத்துட்டேன்."

"நீங்க எடுக்கலம்மா. நான்தான் உட்கார்ந்த இடத்துலயே குடுத்துட்டேன்."

அதன் பிறகு டாக்டரம்மா கால் மணி நேரம் திட்டினார், நியாயமான திட்டு. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, படுக்கப் போகும்போது மட்டும் சின்னதாக ஒன்று. பகலில் கிடையாது. வலி மாத்திரைகள் அத்தனையும் நிறுத்தம், தோளுக்குத் தடவ ஒரு களிம்பு. தடியை வாங்கிப் பார்த்து, உயரம் அதிகம், தோள் வீங்கியதே இதனால்தான் என்று சொல்லி இரண்டு விரற்கடை அறுக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் வந்து உட்கார்ந்தார், இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்தபடி. மாஸ்டர் துண்டைப் போர்த்தினார். இடது காலில் மெல்லப் பாரத்தை இறக்கினார். இடுப்பிலிருந்து குதிகால் வரை அது விறைத்து நின்றது, ஐந்து வருடமாக நின்ற மாதிரியே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுப்பதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தடியைச் சாத்தியவர், மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் தம்பிய ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. பாவம், அவன ரொம்பப் பேசிட்டேன்."