டெற்றோல் மணம்

டெற்றோல் மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வரும். மற்றவர்களுக்கு அது சுத்தத்தின் மணம். எனக்கு அது என் பெரியம்மாவின் மணம்.

அம்மாவும் அப்பாவும் எச்.ஐ.வி. நோயில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, நோய் தொற்றாத என்னை ஒட்டுசுட்டானில் இருந்த தன் வீட்டில் வைத்துக்கொண்ட பெரியம்மா, பிறக்கும்போதே அது தொற்றியிருந்த தங்கச்சியை, வவுனியாப் பக்கம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். ஊரில் கேட்டவர்களுக்கு, "விடுதியில நிண்டு படிக்கிறாள்" என்று சொல்லிவைத்தார். பள்ளி விடுமுறைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார்.

ஒருமுறை தங்கச்சி தானே தேயிலை போட்டு, பால் "தேத்தண்ணி" ஊற்றி, சிந்தாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அன்றுதான் அவளை அடுப்படிக்கு, "குசினி"க்குள் விட்டிருந்தார்கள், முகமெல்லாம் பெருமை. "வைச்சிட்டுப் போ பிள்ளை, ஆறட்டும்" என்றார் பெரியம்மா. ஆறியது. ஆடை படர்ந்தது. மொய்க்க வந்த இலையான் ஒன்று உள்ளே விழுந்தது. என் கோப்பையை எடுக்க நான் கை நீட்டியபோது தொடையில் நறுக்கென்று கிள்ளினார். கிளம்பும்போது, கைப்பைக்குள் கொண்டுவந்த கிருமிநாசினி டெற்றோலைக் கையில் ஊற்றி, வாசல் கேற்றடிக் குழாயில் தன் கைகளையும் என் கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். யன்னலில் நின்று தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் இதே கழுவல்தான். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே நான் வன்மம் வளர்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

போன கிழமை பெரியம்மாவின் பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் தேங்காய் உடைத்த பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பெரியம்மாவின் மகளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அந்த முறைக்கு உள்ளவன் நான் ஒருவன்தான். பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு என்னிடம் வந்தார்.

"நீதான்ரா தம்பி வந்து நிண்டு செய்யோணும்."

"தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"அவளுக்குப் பலகாரம் குடுத்து விடுறன்."

இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவளும் இந்தக் குடும்பத்துப் பெண் என்று ஊர் பார்க்க வேண்டும்; எனக்கு வேண்டியது அதுதான்.

"அவளின்ர வீட்டுக்குப் போய் உங்கட வாயால சொல்லுங்கோ. அவள் தாற தேத்தண்ணியையும் குடியுங்கோ. இல்லாட்டி வேற தாய்மாமனைப் பாருங்கோ" என்றேன்.

இப்போது நோய்க்குரிய குளிசைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கிளிநொச்சியில் உடுப்புத் தைத்துக் கொடுத்து, யாருக்கும் பாரமில்லாமல் இருக்கிறாள் தங்கச்சி. அவள் வீட்டில் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, பெரியம்மா கடைசிச் சொட்டுவரை குடிப்பதைக் கண் வெட்டாமல் பார்த்தேன். கோப்பை காலியாகக் காலியாக என் நெஞ்சு குளிர்ந்தது. அதை வாங்கிக்கொண்ட தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "போகேக்க கிணத்தடியில கை கழுவிட்டுப் போங்கோ, பெரியம்மா. டெற்றோல் வாங்கி வைச்சிருக்கிறன்."

பெரியம்மா கை கழுவாமலே ஓட்டோவில் ஏறினார்.

அந்த இல்லம் இப்போது இல்லை. கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள். கேற்றடிக் குழாயையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வருகிற ஞாயிறு தேங்காய் உடைக்கப் போகிறேன். முன்வரிசையில், ஊரே பார்க்க, தங்கச்சி இருப்பாள். அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்க வேண்டியது பெரியம்மாதான் என்று சொல்லிவிட்டேன்.