கிருபாகரனின் விறைத்த கால்

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிற கிருபாகரன் வருத்தம் என்று படுத்த ஆள் அல்ல. களைப்பாயிருக்கிறது என்றபோது பாமசியில் பி கொம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். பிறகு கனடாவிலிருந்து மைத்துனி, நரம்புக்கு நல்லதென்று பெரிய விற்றமின் குளிசைப் போத்தல் ஒன்று அனுப்பினாள். இரண்டையும் சேர்த்தே விழுங்கினார்.

அடுத்த வருஷம் பாதம் விறைக்கத் தொடங்கியது. நரம்புத் தளர்ச்சி என்று தானே முடிவுகட்டி, கனடாக் குளிசையை இரட்டிப்பாக்கினார். விறைப்பு கணுக்கால்வரை ஏறியது.

ஜிந்துப்பிட்டியில் ஒரு பின்னேரம் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பிறேக்கை மிதித்துவிட்டதாகத்தான் நினைத்தார். ஆனால் கால் பிறேக்குக்குப் பக்கத்துத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வானுக்குள் பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். மறுநாளே வானை மைத்துனன் ஜனாவிடம் கொடுத்துவிட்டு டொக்டர் நிஹ்லாவிடம் போனார்.

சோதித்ததில் நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், இல்லை. விற்றமின் பி பன்னிரண்டும் குறையவில்லை. "வீட்டில சாப்பிடுற எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார் டொக்டர். போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டிலயும் பி ஆறு இருக்கு. இந்தக் கனடாப் போத்தலில நிறைய. கனகாலம் இப்பிடி எடுத்தா அதுவே நரம்பைக் கெடுக்கும்."

"விற்றமின்தானே டொக்டர்? கூடினது மூத்திரத்தோட போயிடும் எண்டு சொல்லுவினம்."

"எல்லாம் போகாது. ரத்தத்தில பி ஆறு எவ்வளவெண்டும் பாப்பம். இப்பவே ரெண்டையும் நிப்பாட்டுங்க."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மருந்தென்று நம்பி விழுங்கியதே காலைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் கர்ப்பிணி மகள் அனுஷியாவின் கையிலிருந்த குளிசையையும் பறித்துவிட்டார்.

"ஐயோ அப்பா, அது ஃபோலிக் அசிட். கிளினிக்கில அளவு சொல்லித் தந்தது. பிள்ளையின்ர முள்ளந்தண்டுக்கு வேணும்."

"அதுவும் பி தானே?"

"ஓம். எனக்குத் தேவையான பி."

மனைவி பிறிஜெற் சிரித்துவிட்டாள். அவர் குளிசையைத் திருப்பிக் கொடுத்தார்.

சுகம் மெல்லத்தான் வந்தது. மாதக்கணக்கில் ஜனா ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். ஒருநாள் குளியலறைத் தரையின் குளிர் உள்ளங்காலில் பட்டது. பிறிஜெற்றைக் கூப்பிட்டுச் சொன்னார். டொக்டர் சோதித்துச் சம்மதித்த பிறகே வானைத் திரும்ப எடுத்தார். காலின் சின்னவிரல்கள் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன.